பீவர் இல்லாத ஊரில் பீவர் அணை: சென்னைப் புறநகர் ஓடைகளுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள குன்றுகளிலிருந்து ஏரிகளை நோக்கி இறங்கும் சிற்றோடைகள் பலவும் ஒரே நோயால் மெலிந்து கிடக்கின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் செம்மண் கலந்த வெள்ளம் ஓரிரு நாள் பாய்கிறது. மார்கழி முடிவதற்குள் படுகை காய்ந்துவிடுகிறது. தூர்வாருவதாகச் சொல்லிப் பொக்லைன் விட்டு ஆழமாகத் தோண்டியதும், மணலும் சரளையும் அள்ளப்பட்டதும், மேட்டு நிலத்துப் புதர்கள் அழிந்ததும் சேர்ந்து ஓடையின் அடியைத் தாழ்த்திக் கரைகளைச் செங்குத்தாக்கிவிட்டன. ஆழமான ஓடை மழைநீரை விரைவாகக் கடத்துமே தவிர, பக்கத்து நிலத்தில் ஏறி ஊற விடாது. அடி தாழத் தாழ, அருகிலுள்ள நிலத்தின் நீரும் அதற்குள் வடிந்து, கிணறுகளின் மட்டமும் உடன் இறங்குகிறது.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஓடைகளுக்கும் இதே நோய் வந்தது. ஓடையின் குறுக்கே குச்சியும் சேறும் கொண்டு அணை கட்டும் கொறிவிலங்கான பீவர், மென்மயிர்த் தோலுக்காக வேட்டையாடப்பட்டது; ஓடைகளிலிருந்து பீவர்கள் மறைந்தன. அவை கட்டிய அணைகள் பராமரிப்பின்றி உடைந்தன. கால்நடைகள் கரைப் புல்லை மேய்ந்து தீர்த்தன. ஓடைகள் அடியறுந்து பள்ளங்களாயின. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சேர்த்தே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,200 பீவர்களே எஞ்சியிருந்தன. அந்த ஓடைகளை மீட்க இன்று அங்கே பீவர்களைத் திரும்பக் குடியமர்த்துகிறார்கள்; பீவர் வரத் தயங்கும் இடங்களில் அதன் அணையைப் போன்ற குச்சித் தடுப்புகளை மனிதர்களே கட்டுகிறார்கள். இரண்டாவது முறையை நம் ஊர்ப் பருவமழைக்கும் மண்ணுக்கும் ஏற்ப எப்படிச் செய்வது என்பதே இந்த வழிகாட்டி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பீவர் இந்தியாவின் விலங்கு அன்று. அதை இங்கே கொண்டுவரும் எண்ணமே கூடாது. 1946-இல் அர்ஜென்டினா அரசு தோல் வணிகத்துக்காகக் கனடாவிலிருந்து 20 பீவர்களைத் தென்கோடித் தீவான தியரா டெல் ஃபுவேகோவில் விட்டது. எதிரிகளே இல்லாத அந்த நிலத்தில் அவை பல்லாயிரமாகப் பெருகின. வெட்டினால் மறுபடி துளிர்க்கும் வில்லோ மரங்களோடு வாழ்ந்து பழகிய விலங்கு, துளிர்க்கும் இயல்பற்ற தெற்குப் பீச் என்னும் மரங்களின் காடுகளை அழித்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விலங்கை அன்று; அதன் வேலை முறையை.

பீவர் ஏன், எப்படிக் கட்டுகிறது

பீவர் சுமார் 16 முதல் 30 கிலோ எடையுள்ள கொறிவிலங்கு. மீன் தின்னாது, மரப்பட்டை, இலை, நீர்ச்செடிகள்தாம் அதன் உணவு. தரையில் அது மந்தமானது. ஓநாய்க்கும் கரடிக்கும் எளிதில் இரையாகும். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் சுமார் 15 நிமிடம் மூச்சடக்க வல்லது. எனவே வீட்டின் வாசல் எப்போதும் நீருக்கடியில் இருக்குமளவுக்கு அதற்கு ஆழம் வேண்டும். ஆறு இயல்பாகவே ஆழமாக இருந்தால் அணை கட்டாமல் கரையில் வளை தோண்டி வாழும். ஆழமில்லாத சிற்றோடையில்தான் அணை கட்டும். அதிலும் சரிவு மென்மையான இடத்தையே தேர்ந்தெடுக்கும்.

கட்டும் முறையைக் கவனித்தால் நம் தடுப்பணைகளிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்பது புரியும். குச்சிகளையும் கிளைகளையும் ஓடையின் குறுக்கே சிக்கலாக அடுக்கி, நீர் வரும் பக்கத்தில் சேற்றையும் கல்லையும் புல்லையும் அப்புகிறது. சுவர் முழுவதும் கசியும். உச்சியில் நீர் வழியும். ஒன்றோடு நிற்காமல் மேலும் கீழுமாகப் பல அணைகளைத் தொடராகக் கட்டுவதால், ஒன்று உடைந்தாலும் அடுத்தது தாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, குடும்பமே சேர்ந்து ஓயாமல் பழுதுபார்ப்பது. ஓடும் நீரின் ஓசையே அதை வேலைக்குத் தூண்டுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் லார்ஸ் வில்சன் சோதனைகளில் காட்டினார். கசிவின் சலசலப்பு கேட்கும் இடத்தைத் தேடிப்போய் அது சேறு பூசும்.

இப்படித் தேங்கும் நீர் ஓடையை விட்டு வெளியேறிப் பக்கத்துத் தாழ்நிலத்தில் பரவுகிறது. வேகம் குறைந்ததும் வண்டல் படிகிறது. ஆண்டுகள் போகப்போக அடி உயர்கிறது. மண்ணுக்குள் ஊறிய நீர் கோடையில் மெல்லத் திரும்பி வருகிறது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் ஜான் டே ஆற்றின் கிளையான பிரிட்ஜ் கிரீக் ஓடையில் 2009 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட செயற்கைப் பீவர் அணைகளைக் கட்டி ஆய்வு செய்தார்கள். பீவர்கள் அவற்றின்மேல் தங்கள் வேலையைத் தொடர்ந்தன. நிலத்தடி நீர் உயர்ந்தது. ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகளின் எண்ணிக்கையும் உயிர்பிழைப்பும் கூடின. முடிவுகள் 2016-இல் வெளியாயின. இங்கிலாந்தில் டெவன் பகுதியின் ஆட்டர் ஆற்றில் 2015 முதல் 2020 வரை நடந்த சோதனைக்குப் பின், 2022 அக்டோபரில் பீவருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

நம்மிடம் சேறு பூச வரும் பீவர் இல்லை. அந்த இடத்தை ஒவ்வோர் ஆண்டும் மனிதர்கள் நிரப்பியாக வேண்டும். அதற்கு ஆள் இல்லாத ஊரில் இந்தத் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. குச்சியும் மண்ணும் கொண்டு நீரை மறிப்பது நமக்குப் புதிதன்று. காவிரிப் பாசனப் பகுதியில் வாய்க்காலுக்கு நீரைத் திருப்ப ஆற்றில் போடும் கொரம்பு இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதை ஆண்டுதோறும் புதிதாகப் போடுவதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஒருமுறை கான்கிரீட் கொட்டிவிட்டுப் பெயர்ப்பலகை வைத்துத் திரும்பிப் பார்க்காமல் போகும் பழக்கம் பின்னால் வந்ததே.

முதல் படி: இடத்தைத் தேர்வு செய்தல்

எங்கே கூடாது என்பதிலிருந்து தொடங்குவோம். நகருக்குள் ஓடும் கூவம், அடையாறு, அவற்றில் சேரும் மழைநீர்க் கால்வாய்கள் ஆகியவற்றில் இதைச் செய்யவே கூடாது. அங்கே தேங்குவது சாக்கடை. மறித்தால் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை மறந்துவிட்டு இந்தப் பகுதியில் எதையும் திட்டமிட முடியாது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் முதன்மை வரத்துக்கால்வாயிலும், கலங்கலிலிருந்து வெளியேறும் உபரிநீர்க் கால்வாயிலும் கூடாது. முன்னது ஏரியின் பங்கைக் குறைக்கும், பின்னது கரைக்கே ஆபத்தாகும். சற்றுத் தொலைவில் சாலைக்கடியில் குழாய்ப் பாலம் இருந்தால், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் குச்சிகள் அதை அடைத்துக்கொள்ளும் என்பதால் அந்த ஓடையையும் விட்டுவிட வேண்டும்.

ஏற்ற இடம் எது? குன்றடியில் தொடங்கும், கிளையோடை எதுவும் வந்து சேராத முதல்நிலைச் சிற்றோடை, அல்லது அத்தகைய இரண்டு கூடி உருவாகும் இரண்டாம்நிலைச் சிற்றோடை. கோடையில் இறங்கி நடந்துவிடக்கூடியது. அகலம் 3 முதல் 5 மீட்டருக்கு மிகாதது. சரிவு 100 மீட்டருக்கு 3 மீட்டருக்குள் இருப்பது. இருபுறமும் கட்டடம் இல்லாதது. சாதாரண மழைநீர் ஏறிப் பரவினாலும் யாருக்கும் இழப்பில்லாத தாழ்நிலம் ஒரு பக்கமாவது இருந்தால் பாதி வெற்றி. வண்டலூர் தொடங்கித் திருப்போரூர், திருக்கழுக்குன்றம் வரையான குன்றுப்புறங்களில் இத்தகைய ஓடைகள் உண்டு. ஆனால் குன்றுகளில் பல காப்புக்காடுகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: இசைவும் அனுமதியும்

ஓடை பட்டா நிலத்துக்குள் ஓடுவதாகத் தோன்றினாலும், வருவாய்த்துறைப் பதிவில் அது புறம்போக்காகவே இருக்கலாம். புல வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து உறுதி செய்த பின், ஊராட்சிக்கும் நீர்வளத்துறைக்கும் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு கிளையைக்கூட நகர்த்தக் கூடாது. காகிதத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: ஓடையின் கீழ்ப்பகுதியில் பயிர்செய்பவர்களிடமும், ஏரியின் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி இன்னும் இருந்தால் அவரிடமும் நேரில் பேசுவது. "எங்கள் ஏரிக்கு வரும் தண்ணீரை மறிக்கிறார்கள்" என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் அனுமதிக் கடிதம் எதற்கும் உதவாது. தடுப்பின் உயரம் முழங்காலளவுதான், அது கசியும், நிறைந்தபின் முழு நீரும் வழிந்துபோகும் என்பதை ஓடைக்கே அழைத்துச் சென்று காட்டுங்கள்.

மூன்றாம் படி: ஓடையை அளத்தல்

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேஸ்திரிகள் தளமட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர் டியூப், இரண்டு நேரான கழிகள், அளவுநாடா ஆகியவை போதும். ஓடையின் நடுவில் மேலிருந்து கீழாக 10 மீட்டருக்கு ஒருமுறை மட்ட வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் சரிவு தெரிந்துவிடும்.

இடைவெளிக் கணக்கு இந்தச் சரிவிலிருந்து வருகிறது. கீழ்த் தடுப்பில் தேங்கும் நீரின் வால், மேல் தடுப்பின் அடியைத் தொட வேண்டும். 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் ஓடையில் அரை மீட்டர் உயரத் தடுப்பு கட்டினால் இடைவெளி 25 மீட்டர். 1 மீட்டர் மட்டுமே இறங்கினால் 50 மீட்டர். மேலிருந்து வழியும் நீர் வெற்றுத்தரையில் விழாமல் தேங்கிய நீரின்மேல் விழுந்தால் அடி அரிக்காது. தொடரின் பலமே இதுதான். தனித் தடுப்பு ஒன்றை மட்டும் கட்டுவதற்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தது நான்கைந்து சேர்ந்தால்தான் அது ஒரு தொகுதி.

வேலை தொடங்குமுன் ஓடையின் இரு இடங்களில் கல் நட்டு, அங்கே நின்றபடி படம் எடுத்து வையுங்கள். அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து தேதியோடு எழுதுங்கள். பிறகு எந்த வாதத்துக்கும் இந்தக் குறிப்பேடே விடை சொல்லும்.

நான்காம் படி: பொருள் சேகரித்தல்

தரையில் அடித்து இறக்கும் முளைகளுக்குச் சவுக்கு சிறந்தது. சென்னையைச் சுற்றி எளிதில் கிடைக்கும். 7 முதல் 10 சென்டிமீட்டர் பருமனும் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமும் இருக்கட்டும். தார், பூச்சி மருந்து எதுவும் பூசக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கிப்போவது குறையன்று, அதற்குள் வேர்கள் அந்த வேலையை ஏற்றிருக்க வேண்டும்.

பின்னுவதற்குச் சீமைக்கருவேலக் கிளைகளைப் பயன்படுத்தலாம். வெட்டி அகற்ற வேண்டிய மரம்தானே என்ற வசதி இதில் உண்டு. ஆனால் காய் முற்றிய கிளைகள் வேண்டா. விதைகள் ஓடை நெடுகப் பரவும். முள்ளுக்குக் கனமான கையுறை தேவை. நெய்வேலிக் காட்டாமணக்கை மட்டும் தொடாதீர்கள். அதன் தண்டு ஈரத்தில் எங்கே விழுந்தாலும் வேர்விட்டு, ஓடையையே அடைத்துவிடும். தென்னை மட்டையும் பனை மட்டையும் இடைவெளிகளை நிரப்ப நன்கு உதவும்.

மண் களிப்பாக இருக்க வேண்டும். மணலும் கட்டடக் கழிவும் பயன்படா. ஏரி வண்டல் மிகப் பொருத்தமானது என்றாலும் அதை எடுக்கத் தனி அனுமதி வேண்டும். பிளாஸ்டிக் மூட்டைகளில் மண் நிரப்பி அடுக்கும் குறுக்குவழியைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே கோடையில் வெயிலில் நைந்து, இழைகளாக ஓடை முழுவதும் பரவிவிடும். கட்டாயமானால் சணல் சாக்கு போதும்.

ஐந்தாம் படி: கட்டுதல்

ஆவணி, புரட்டாசி மாதங்களே ஏற்ற காலம். தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகள் மண்ணை இளக்கியிருக்கும். ஓடையில் நீர் இராது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்றிரண்டு சிறு மழைகள் உங்கள் வேலையைச் சோதித்தும் தரும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழும் பகுதியில் அக்டோபர் பிறந்தபின் புதிதாகக் கட்டத் தொடங்குவது வீண்.

ஓடையின் குறுக்கே கயிறு கட்டி, 30 முதல் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் முளைகளுக்குக் குறியிடுங்கள். கடப்பாரையால் வழித்துளை இட்டு, கூராக்கிய முளையைச் சம்மட்டியால் இறக்க வேண்டும். வெளியே தெரியும் உயரத்தைவிட மண்ணுக்குள் இருக்கும் ஆழம் கூடுதலாக இருப்பது நல்லது. அரை மீட்டர் வெளியே தெரிந்தால் ஒரு மீட்டர் உள்ளே. தென்சென்னைப் பக்கத்தில் பெரும்பாலும் இங்கேதான் வேலை முட்டிக்கொள்ளும்: பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் சார்னோகைட் பாறை பல இடங்களில் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே கிடக்கிறது. முளை இறங்காத இடத்தில் வலிந்து அடிக்காமல் சில மீட்டர் மேலோ கீழோ நகர்ந்துவிடுங்கள். அங்கும் பாறையே என்றால் முளையின்றி, கிளைகளை ஓட்டத்துக்கு இணையாக அடுக்கி மேலே கற்களை ஏற்றும் தாழ்ந்த தடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முளை வரிசை இரு கரைகளுக்குள்ளும் ஏறக்குறைய ஒரு மீட்டர் புகுந்திருக்க வேண்டும். குச்சித் தடுப்புகள் நடுவில் உடைவதைவிடப் பக்கத்தில் கரையை அறுத்துக்கொண்டு தோற்பதே அதிகம். இதே காரணத்துக்காக உச்சியை நடுவில் ஒரு சாண் தாழ்த்திக் கட்டுங்கள். வழியும் நீர் கரைகளை விட்டு விலகி நடுவிலேயே போகும்.

அடுத்துப் பின்னல். ஆட்டுப்பட்டிக்குப் படல் பின்னத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் அவரையே தலைமை தாங்கச் சொல்லுங்கள். கிளையை ஒரு முளைக்கு முன்னும் அடுத்ததற்குப் பின்னுமாக விட்டு, ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தரையோடு ஒட்டிய முதல் வரிசையில் இடைவெளி விட்டால் நீர் அடியில் துளைத்துக்கொண்டு போகும். அங்கே மட்டும் ஒரு சாண் பள்ளம் எடுத்துக் கிளைகளைப் புதையுங்கள். பிறகு நீர் வரும் பக்கத்தில் வைக்கோல், புல்வேரோடு பெயர்த்த மண், களிமண், கல் என்ற வரிசையில் சரிவாக அப்புங்கள். களிமண் கையில் ஒட்டாமலும் உதிராமலும் உருண்டையாக நிற்கும் பதம் சரியானது. முழுதும் அடைத்து மெழுக வேண்டிய தேவையில்லை. கசிவு இருக்கட்டும், அழுத்தம் குறையும், கீழ்நிலத்துக்கும் நீர் போகும்.

நீர் விழும் பக்கத்தில் உயரத்தைப் போல இரு மடங்கு நீளத்துக்குக் கிளைப் படுக்கை விரியுங்கள். அடிக்கட்டை தடுப்பை நோக்கியும் நுனி கீழ்நோக்கியும் இருக்க, மேலே கற்களை ஏற்றி வைக்க வேண்டும். ஆட்கள் களைத்துப்போன நேரத்தில் வருவதால் பலர் இந்த வேலையைச் சுருக்கிவிடுகிறார்கள். அந்தத் தடுப்பு முதல் கனமழையிலேயே குப்புற விழும்.

ஆறாம் படி: முதல் மழையும் பிறகும்

மழை பெய்யும்போது ஓடைக்குள் இறங்காதீர்கள். கரையில் நின்று பார்த்தாலே போதும். மழை விட்டு நீர் வடிந்த மறுநாள், நிறைந்த தடுப்பின் பக்கத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பரவலான கசிவுக்கு ஓசை இல்லை. ஓரிடத்திலிருந்து மட்டும் கொப்பளிக்கும் ஓசை வந்தால் அங்கே துளை விழுந்திருக்கிறது. நம் ஓடைகளில் அது பெரும்பாலும் நண்டு வளை. விரல் நுழையும் அளவில் தொடங்கி, கலங்கிய மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி, ஒரே வெள்ளத்தில் குடம் நுழையும் அளவாகிவிடும். தெளிந்த நீர் கசிந்தால் விட்டுவிடலாம். கலங்கிய நீர் கசிந்தால் அன்றே வைக்கோலும் களிமண்ணும் திணித்து மிதிக்க வேண்டும்.

பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு கனமழைக்குப் பின்னும் யார் போய்ப் பார்ப்பது என்பதைப் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடிமராமத்து என்ற பழைய ஏற்பாட்டின் உயிர் இந்தப் பெயர்ப்பட்டியலில்தான் இருந்தது. கிளைக் குவியலில் கை வைக்குமுன் கழியால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி விரியனுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது.

தை மாதத்துக்குப் பின் நீரோட்டம் நின்று குட்டைகள் மட்டும் எஞ்சும்போது கொசுப் பிரச்சினை எழும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். தவளையும் தும்பியும் சிறுமீனும் உள்ள குட்டையில் புழுக்கள் பெருகுவது குறைவு. அவை இல்லாத, வீடுகளுக்கு அருகிலுள்ள குட்டையை வாரம் ஒருமுறை பார்த்து, புழு கண்டால் தடுப்பின் அடியில் சிறிது திறந்து வடித்துவிடுங்கள். கொசுவை ஒழிக்கிறேன் என்று கம்பூசியா போன்ற வெளிநாட்டு மீனை விட்டால் உள்ளூர் மீன்குஞ்சுகளும் தலைப்பிரட்டைகளும் அதற்கு இரையாகும்.

ஏழாம் படி: செடியிடம் ஒப்படைத்தல்

பீவர் நாட்டில் இந்த வேலையை வில்லோ செய்கிறது. புதைந்த கிளையே துளிர்த்து அணையைத் தைத்துவிடும். நமக்கு அந்த இடத்தில் நொச்சி இருக்கிறது. ஐப்பசி ஈரத்தில் விரல் பருமனுள்ள நொச்சிக் குச்சிகளைத் தடுப்பின் இரு முனைகளிலும் கரைச்சரிவிலும் நெருக்கமாக ஊன்றுங்கள்; ஆடு கடிக்காது என்பது பெரிய நன்மை. வண்டல் படிந்த மேற்பரப்பில் வெட்டிவேரை ஓடைக்குக் குறுக்காக வரிசையாக நடலாம். ஈரம் நிற்கும் ஓரத்தில் கோரையும் நாணலும் தாமாகவே வரும். கரைமேட்டில் புங்கன், நீர்மருது. முதல் இரண்டு கோடைகளில் மாடுகள் இறங்காமல் முள்வேலி போடாவிட்டால் இதில் எதுவும் மிஞ்சாது.

ஒவ்வொரு தடுப்பின் மேற்பக்கமும் ஓர் இரும்புக் கம்பியை நட்டு, பங்குனியில் எவ்வளவு வண்டல் ஏறியிருக்கிறது என்று அளந்து குறியுங்கள். வண்டல் உச்சியைத் தொட்டுவிட்டால் அந்தத் தடுப்பு தன் வேலையை முடித்துவிட்டது. அதைத் தூர்வார வேண்டா. படிந்த மண்மேல் புதிய முளைகளை அடித்து இன்னொரு முழங்கால் உயரம் எழுப்பலாம். ஆனால் எழுப்பிய பின்னும் நீர் பரவ இடமிருக்கிறதா, மேலே யாருடைய நிலமாவது மூழ்குமா என்று தண்ணீர் டியூபை வைத்து மறுபடி அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இரண்டு பருவமழைக்குப் பின்னும் வண்டல் ஏறாமல், ஒவ்வொரு வெள்ளத்திலும் அதே இடத்தில் பிய்த்துக்கொண்டு போகும் தடுப்பு தவறான இடத்தில் நிற்கிறது. அதன் முளைகளைப் பிடுங்கி, மென்சரிவான வேறோர் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.